நான்காம் ஆண்டுக் கெட்டில்

இந்த ஆண்டு எவனுக்கும் டீ ஊற்றுவதில்லை என்று டெஸ்மண்ட் சபதம் எடுத்தது, ஜனவரி முதல் வாரத்தில், பல் துலக்கும்போது. வாய் நிறைய நுரை. கையில் பிரஷ், வாள் மாதிரி.

"நோல்! இந்த வருஷம் நான் டீ ஊத்த மாட்டேன்! சத்தியம்!"

"வீட்டுல என்னிக்கு ஊத்தியிருக்க?" என்று சமையலறையிலிருந்து மனைவியின் பதில் வந்தது.

அவன் சொன்னது வேறு டீ. ஒவ்வொரு பிப்ரவரியிலும், அந்த நாட்டுக் கோடை உச்சத்தில் இருக்கும்போது, இருநூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காராபின் புல்தரை விமானத்தளத்தில் ஒரு கூட்டம் கூடும். விபத்தில் நசுங்கிய காரிலிருந்து சுழல் எஞ்சினைக் கழற்றி, வீட்டுக் கொட்டகையில் சொந்தமாகக் கட்டிய விமானத்தில் மாட்டிக்கொண்டு பறக்கிறவர்களின் கூட்டம். சுழல் எஞ்சினுக்குப் பிஸ்டன் கிடையாது. கிரைண்டரில் உருளும் கல்லைப் போல ஒரு முக்கோணம் உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கும். அதைக் கொல்ல முடியாது. நின்றுபோகாது, உடையாது, உதறாது. கொதிக்கும், அவ்வளவுதான். பெட்ரோலில் பாதியைப் பறப்பதற்கும் மீதியை வெந்நீர் வைப்பதற்கும் செலவு செய்கிற எஞ்சின் அது.

ஆகவே அந்தக் கூட்டத்தில் ஒரு கெட்டில் இருந்தது. அடி கருகி மூக்கு வளைந்த அலுமினியக் கெட்டில். அதன் வயிற்றில் சிவப்பு எழுத்தில் சங்கத்தின் ஒரே சட்டம்: 'வழியில் வெந்தவன் ஊற்றுவான்.' எவன் எஞ்சின் கொதித்ததோ அவன் ஏப்ரன் கட்டிக்கொண்டு நாள் முழுக்க எல்லோருக்கும் டீ ஊற்ற வேண்டும். விடிகாலைக் குளிரில் கள்ளத்தனமாக வந்து இறங்கும் வேலையெல்லாம் நடக்காது. பதினொன்றுக்கும் ஒன்றுக்கும் இடையில், உச்சி வெயிலில்தான் இறங்க வேண்டும்.

டெஸ்மண்ட் தொடர்ந்து மூன்று ஆண்டு ஊற்றியிருந்தான். யாருக்கு எத்தனை சர்க்கரை என்பது மனப்பாடம். நான்காம் ஆண்டும் ஊற்றினால் பெயரைக் கெட்டிலிலேயே வெட்டிவிடுவார்கள், அழியாதபடி. சங்கத்தின் இருபத்தாறு ஆண்டு வரலாற்றில் அப்படி ஒரு பெயர் இன்னும் வெட்டப்படவில்லை.

ஐம்பத்தேழு வயது. முப்பது வருடம் கவுன்சிலில் தண்ணீர் பம்பு பார்த்தவன். ஊர் முழுக்கத் தண்ணீரை ஓடவைத்தவனுக்குத் தன் எஞ்சினைச் சுற்றி ஏழு லிட்டர் தண்ணீரை ஒழுங்காக ஓடவைக்க முடியவில்லை. இதை நினைத்தால் அவனுக்குத் தூக்கம் வராது. நான் விமானம் கட்டியது பறப்பதற்கா, கட்டிக்கொண்டே இருப்பதற்கா? பதினொரு வருடமாகியும் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

விமானத்துக்கு முதலில் 'நோலீன்' என்று மனைவி பெயரைத்தான் எழுதியிருந்தான். அன்பு. முதல் ஆண்டே காராபின் ஒலிபெருக்கியில், "நோலீன் மறுபடியும் ஆவி விடுறா, தள்ளி நில்லுங்க" என்று அறிவித்தார்கள். மறுநாள் அவளே தூரிகையோடு வந்து பெயரின் மேல் வெள்ளையடித்துவிட்டுப் போனாள்.

அந்த விமானத்தில் அவள் ஏறியதே இல்லை. இரண்டாவது இருக்கை பதினொரு வருடமாகக் காலி. ஒரே ஒரு தடவை, போன கோடையில், பக்கத்துக் கொட்டகை கிளாரி ஏறினான். கிளாரிக்கு எழுபத்து நாலு வயது; ஆடுகளுக்கு மயிர் கத்தரித்து ஓய்வு பெற்றவன்; கெட்டிலின் காவலன். முப்பத்தாறு டிகிரி வெயில், இரண்டு கனத்த ஆண்கள். விமானம் எருமை மாதிரி ஏறியது, எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் நூற்றிருபதுக்குப் போனது, கண்ணாடியெல்லாம் ஆவி. எப்படியோ இறங்கினார்கள். இறங்கிய கையோடு டெஸ்மண்ட், முன்பலகையில் பெயிண்டால் எழுதினான்: 'வெயில் 35க்கு மேல் போனால் ஒருவர் மட்டும். சோதிக்காமல் மீறக்கூடாது. — டெ.'

இனி வைத்தியம்.

சுழல் எஞ்சின்காரர்களிடையே ஒரு கைமருந்து உண்டு. சில பழைய கார்களின் ஏசிக்குள் ஒரு கூலிங் காயில் இருக்கும். சிறியது, தடித்தது, லேசானது. அதைப் பிடுங்கி அதற்குள் தண்ணீரை ஓடவிட்டால் விமானத்துக்கு அருமையான ரேடியேட்டர். ஆனால் ஒரே மாதிரி இரண்டு வேண்டும். ஒன்று பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. இரண்டாவதற்காக டெஸ்மண்ட் மூன்று மாநிலத்துக்கு போன் போட்டான். அந்த மாடல் கார் இப்போது எங்குமே இல்லை என்றார்கள்.

போனை வைத்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தான். வாசலில் அந்த மாடல் கார் நின்றது. வெள்ளை. நோலீனுடையது.

இது திருட்டா என்று அவன் தன்னையே கேட்டுக்கொண்டான். நேர்மையாகத்தான் கேட்டான். திருட்டு என்றால் பொருள் வீட்டைவிட்டு வெளியே போக வேண்டும். இது இடமாற்றம். முப்பது வருட அரசாங்க ஊழியனுக்கு இடமாற்றம் என்றால் என்ன என்று தெரியாதா?

நோலீனைத் தங்கை வந்து கூட்டிப்போன சனிக்கிழமை அவன் காரின் முன்பலகை முழுவதையும் பிரித்தான். காயிலைப் பிரசவம் பார்ப்பதுபோல் வெளியே எடுத்தான். திரும்பப் பூட்டினான். வழக்கம்போல் மூன்று திருகு மிஞ்சியது. டெஸ்மண்ட் எதைப் பிரித்துப் பூட்டினாலும் மூன்று திருகு மிஞ்சும். அவை எங்கே உருண்டன என்று தேடவில்லை. வீரர்கள் பின்னால் பார்ப்பதில்லை.

திங்கட்கிழமை நோலீன் காரை எடுத்தாள். கொடியில் போட்ட துணி, கிளிப் மாட்டுவதற்குள் காய்கிற வெயில். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தாள். முகம் தக்காளி.

"டெஸ், ஏசி என்ன ஆச்சு?"

"கேஸ் லீக்கா இருக்கும்."

"வெள்ளிக்கிழமை நல்லா இருந்துதே."

"கேஸுக்குக் கிழமை தெரியுமா?"

"எப்ப சரியாகும்?"

"பார்ட்ஸ் மெல்போர்ன்லேர்ந்து வரணும். மூணு வாரம்."

"மூணு வாரம். அதாவது உன் கூட்டம் முடியறவரைக்கும்."

"அட! ஆமால்ல! என்ன ஒரு பொருத்தம் பாரு."

நோலீன் அவனையே பார்த்தாள். பிறகு காருக்குள் குனிந்து, தரைவிரிப்பிலிருந்து எதையோ பொறுக்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். ஹேர்பின் என்று நினைத்தான் டெஸ்மண்ட்.

"சரி. உன் பிக்கப் சாவியக் குடு."

"என் பிக்கப்பா? எதுக்கு?"

"அதுல ஏசி இருக்கு. நீ ஆம்பள, காத்து வாங்கிட்டு என் கார்ல போ. எனக்கு இனிமே செவ்வா, வியாழன் டூவூம்பா போகணும். பாட்டுக் குழுவுல சேந்திருக்கேன்."

"நீயா? பாட்டா?"

"ஏன், இந்த வீட்டுல எஞ்சின் மட்டும்தான் கத்தணுமா?"

சாவி போயிற்று. டெஸ்மண்டுக்கு அதில் வருத்தமில்லை. செவ்வாயும் வியாழனும் அவள் வீட்டில் இல்லை என்றால் கொட்டகையில் நிம்மதியாக வேலை செய்யலாமே! அவள் மாலையில் திரும்பும்போது உச்சந்தலை முடி ஒரு பட்டை மாதிரி அமுங்கியிருக்கும். முகத்தில் ஒரு மினுமினுப்பு. பாட்டு மனிதரை இப்படி மாற்றுமா என்று ஆச்சரியப்பட்டானே தவிர, அவள் ஒரு நாளாவது ஒரு வரி முணுமுணுத்ததில்லை என்பதை அவன் கவனிக்கவில்லை.

இன்னொன்றையும் அவன் வசதியாக மறந்திருந்தான். நோலீன் மேற்கே மாட்டுப்பண்ணையில் வளர்ந்தவள். பதினேழு வயதில் முதுகுக்கு ஒரு தலையணை வைத்துக்கொண்டு அப்பாவின் விமானத்தை ஓட்டி, வானத்திலிருந்து மாடு விரட்டியவள். கல்யாணத்துக்குப் பிறகு அந்த லைசென்ஸ், திருமணச் சான்றிதழோடு சேர்ந்து ஒரே இழுப்பறைக்குள் போனது. டெஸ்மண்ட் நாற்பத்தைந்து வயதில் பறக்கக் கற்றுக்கொண்டு வந்து அவளுக்கு இரண்டு மணி நேரம் பாடம் நடத்தியபோது, "பெடல்ல கால லேசா வை, டெஸ். மிதிக்காத" என்று மட்டும் சொன்னாள். அதை மாட்டுக்காரப் பேச்சு என்று எடுத்துக்கொண்டான்.

காயில் இரண்டும் விமானத்தின் மூக்கில் ஏறின. எஞ்சினைப் போட்டான். ஆறே நிமிடம். முள் நூற்றிப் பதினெட்டு.

"காத்து பத்தல" என்றான்.

ரம்பத்தை எடுத்து மூக்கில் காற்று நுழையும் ஓட்டையைப் பெரிதாக்கினான். நூற்றிப் பதினெட்டு. இன்னும் அறுத்தான். நூற்றிப் பத்தொன்பது. இன்னும் அறுத்தான். விமானம் இப்போது எதையோ கண்டு அலறுகிற மாதிரி இருந்தது.

கிளாரி வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

"டேய், இன்னும் ரெண்டு இஞ்ச் அறுத்தா நீயே உள்ள பூந்து வெளிய வந்துடலாம்."

"யோவ், வந்த வேலையப் பாரு."

"அதான் பாக்கறேன். பேர் வெட்டற ஆள் கேட்டான், குடும்பப் பேர் ஓக்லின்னு எழுதணுமா, டெஸ்மண்ட்னு எழுதணுமா?"

"போய்யா!"

"ரெண்டும் எழுதச் சொல்லிடறேன். கெட்டில் பெருசுதான்."

கூட்டத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, மதியம், டெஸ்மண்ட் விமானத்தின் மூக்கில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான். நான் ஒரு பம்புக்காரன், நான் ஏன் ஆகாயத்துக்கு ஆசைப்பட்டேன்? பின்னால் பிக்கப் வந்து நின்ற சத்தம்கூடக் கேட்கவில்லை.

"இது என் காயில்."

திரும்பினான். நோலீன். மறைப்பதற்கு அவனிடம் இருந்தது ஒரு தொப்பி மட்டும். அதைக் கழற்றிக் காயிலுக்கு முன்னால் பிடித்தான்.

"எது? இதா? இது இரும்புக் கடைல..."

அவள் கைப்பையைத் திறந்தாள். விமானத்தின் இறக்கைமேல் ஒவ்வொன்றாக வைத்தாள். மூன்று திருகு.

டெஸ்மண்ட் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டான். இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் எப்போது வாதாட வேண்டும், எப்போது தொப்பி போட்டுக்கொள்ள வேண்டும் என்பது தெரியும்.

"முதல் நாளே தெரியுமா?"

"பத்தாவது நிமிஷமே தெரியும்."

"ஏன் கேக்கல?"

"நீ எவ்வளவு தூரம் போறன்னு பாத்தேன். மெல்போர்ன் வரைக்கும் போயிட்ட." மூக்கைச் சுற்றி வந்தாள். குனிந்து அடியில் பார்த்தாள். "இது என்ன, வாய இவ்வளவு பெருசா வெச்சிருக்க?"

"காத்து வரணும்ல!"

"வந்து?"

"வந்து... காயில்ல படணும்."

"பட்டு?"

டெஸ்மண்ட் யோசித்தான். அதற்கப்புறம் காற்று என்ன ஆகும் என்பதை அவன் காற்றின் சொந்த விஷயமாக விட்டிருந்தான்.

"நம்ம வீட்டுல முன்பக்க ஜன்னல மட்டும் தொறந்து வெச்சா திரைச்சீல ஆடுதா?"

"இல்ல."

"எப்ப ஆடும்?"

"...பின்கதவத் தொறந்தா."

"இதுக்குப் பின்கதவு எங்க?"

விமானத்தின் அடியில், காற்று வெளியேற இருந்த வழி ஒரு தபால்பெட்டி வாய் அளவு. முதல் வருடம், அழகுக்காக, அவனே சிறிதாக்கியது.

"என்ன பண்ணலாம், நோல்? பேர வெட்டப் போறாங்க. கிளாரி எழுத்துக்கூட்டிக் கேக்கறான்."

அவள் இறக்கையில் சாய்ந்து நின்றாள். "நான் சரி பண்றேன். ஆனா ஒரு நிபந்தனை."

"சொல்லு! எதுவானாலும்!"

"என் கார் குளிர்ச்சிய நீ எடுத்துட்ட. இந்த வெயில்ல அந்தக் கார்ல நான் காராபின் வர மாட்டேன். சனிக்கிழமை என் காயில் எதுல போகுதோ, நான் அதுலதான் போவேன்."

பதினொரு வருடமாகக் காலியாக இருந்த இருக்கை. அவள் ஏறப்போகிறாள். அவளாகவே கேட்கிறாள்.

"எழுதிக் குடுக்கட்டுமா?" என்றான் கண் கலங்க.

"குடு."

விமானத்தின் பதிவேட்டிலேயே எழுதினான்: 'கூட்டத்தன்று நோலீன் தன் காயிலோடு பயணம் செய்வாள். தடுக்கமாட்டேன்.' கையெழுத்து, தேதி. காய்வதற்கு ஊதிவிட்டான்.

அடுத்த நாலு நாள் கொட்டகை திருவிழாவாக இருந்தது. நோலீன் கம்பளி நூலைத் துண்டு துண்டாக வெட்டி மூக்கைச் சுற்றி ஒட்டினாள். எஞ்சினைப் போடச் சொன்னாள். ஓட்டைக்குள் போக வேண்டிய நூல்கள் வெளிப்பக்கமாக நாக்கை நீட்டின. உள்ளே போன காற்று, போக வழியில்லாமல் வந்த வாசலிலேயே திரும்பி ஓடியது.

"பாத்தியா, உன் காத்து உன் மேலயே துப்புது" என்றாள்.

அடியில் வழியைப் பெரிதாக அறுத்து ஒரு மடிப்புக் கதவு வைத்தார்கள். கயிற்றை இழுத்தால் திறக்கும், விட்டால் மூடும். அலறிய வாயைத் தகரம் வைத்துச் சின்னதாக்கினார்கள். காயிலைச் சுற்றி விரல் நுழையும் இடைவெளி இருந்தது.

"காத்து சோம்பேறி, டெஸ். கஷ்டப்பட்டுக் காயிலுக்குள்ள பூந்து போகுமா, இல்ல ஓரமா நழுவுமா? நீயா இருந்தா என்ன பண்ணுவ?"

"நழுவுவேன்."

"அதேதான். அடைக்கணும்."

அடைப்பதற்கு நீளமான, மெத்தென்ற ரப்பர் வேண்டும். நோலீன் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தாள். மூலையில் டெஸ்மண்டின் பீர் பிரிட்ஜ் நின்றது. அவன் "ஐயோ" என்பதற்குள் கதவின் ரப்பர் முழுசாக உரிந்து அவள் கையில் வந்தது, பாம்புச் சட்டை மாதிரி.

"நோல்! பீர்!"

"என் காயிலுக்கு உன் ரப்பர். இடமாற்றம்."

அந்தச் சொல்லை அவன் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. மனசுக்குள் நினைத்தது அவளுக்கு எப்படித் தெரியும் என்று அவன் இன்றுவரை கேட்கவில்லை.

புதன்கிழமை மதியம், முப்பத்தேழு டிகிரியில், டெஸ்மண்ட் தனியாக ஏறினான். முழு வேகம், மூக்கு மேலே, ஐயாயிரம் அடி. முள் எண்பத்தெட்டு. தொண்ணூறு. தொண்ணூற்று நான்கு. நின்றது. தட்டிப் பார்த்தான். அசையவில்லை. ஆகாயத்தில் தனியாக ஒரு மனிதன் "நாலு! நாலு!" என்று கத்தியதை மேகங்கள் மட்டும் கேட்டன. இறங்கி ஓடி வந்து நோலீனைத் தூக்கிச் சுற்றினான். இடுப்பு பிடித்துக்கொண்டது. கவலையில்லை. சூடான பீர் குடித்தார்கள். கிளாரி முறைத்துவிட்டுப் போய், மறுநாளே கெட்டிலோடு காராபினுக்குக் கிளம்பினான்.

சனிக்கிழமை காலை டெஸ்மண்ட் இரண்டாவது இருக்கையைத் துடைத்து, பின்னால் ஒரு தலையணைகூட வைத்தான். நோலீன் வந்தாள். ஒரு கையில் ஐஸ் பெட்டி. கூட்டத்துக்காக அவள் செய்த அறுபது லாமிங்டன், சாக்லேட்டில் தோய்த்துத் தேங்காய்த் துருவலில் புரட்டிய கேக்குகள். மறு கையில் ஹெட்போன். தலையில் மாட்டியதும் அந்த அமுங்கிய பட்டையின் மேல் அது கச்சிதமாகப் பொருந்தியது.

"இன்னிக்கு எவ்வளவு வெயில், டெஸ்?"

"முப்பத்தொம்போதுன்னு ரேடியோல சொன்னான். இருக்கட்டுமே! நம்மகிட்ட வந்தா..."

அவள் விமானத்துக்குள் விரலை நீட்டினாள். முன்பலகை. சிவப்புப் பெயிண்ட். 35க்கு மேல் ஒருவர் மட்டும்.

"அது பழைய சட்டம்! இப்பதான் சரியாயிடுச்சே!"

"ரெண்டு பேரோட சோதிச்சியா?"

"...இல்ல. தனியாத்தான்."

"'சோதிக்காமல் மீறக்கூடாது.' யார் எழுதினது? டெ-ன்னு போட்டிருக்கு."

"சரி, அப்ப ஒரு ஆள்தான். வருத்தமாத்தான் இருக்கு, நோல், ஆனா நான் மட்டும்..."

அவள் பதிவேட்டைத் திறந்து, குறித்து வைத்திருந்த பக்கத்தைக் காட்டினாள். 'கூட்டத்தன்று நோலீன் தன் காயிலோடு பயணம் செய்வாள். தடுக்கமாட்டேன்.'

"நீ எப்படி ஓட்டுவ? லைசென்ஸ் செத்து எத்தன வருஷம் ஆச்சு!"

பதிவேட்டுக்குள்ளிருந்து ஒரு புது அட்டையை எடுத்துக் காட்டினாள். டாக்டர் முத்திரை, பயிற்சியாளர் கையெழுத்து, போன வியாழக்கிழமைத் தேதி.

"பாட்டுக் குழு?" என்றான் டெஸ்மண்ட், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல.

"நல்ல குழு. ஆறு தடவ தனியாவே பாடிட்டேன். எனக்கு அறுபத்தொரு கிலோ. நீ நூத்தி நாலு. உன் எஞ்சினக் கேளு, யாரத் தூக்கும்னு." ஐஸ் பெட்டியை அவன் கையில் கொடுத்தாள். "முன்சீட்ல வெச்சு பெல்ட் போடு. லாமிங்டன் நசுங்கக் கூடாது. நீ இப்பவே கிளம்பினாத்தான் மதியத்துக்குள்ள வருவ. நான் முக்கா மணி நேரம் கழிச்சுக் கிளம்பறேன்."

தலையணையை மட்டும் முதுகுக்கு எடுத்துக்கொண்டாள்.

வெள்ளைக் காரில் நான்கு ஜன்னலையும் இறக்கிவிட்டு டெஸ்மண்ட் போனான். உள்ளே வந்த காற்று அடுப்பு ஊதுகிற காற்று. பின்னால் கோதுமை லாரி. தூசு. ஜன்னலை மூடினான். வெந்தான். திறந்தான். பொரிந்தான். பக்கத்து இருக்கையில் பெல்ட் போட்டுக்கொண்டு அறுபது லாமிங்டனும் ஐஸில் குளுகுளுவென்று வந்தன. பாதி வழியில் தலைக்குமேல் ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை அவன் எங்கிருந்தாலும் தெரிந்துகொள்வான். வண்டியை ஓரம் நிறுத்தி இறங்கிப் பார்த்தான். விமானம் தாழப் பறந்து வந்து, மாடு விரட்டுவதுபோல் ஒரு வட்டம் அடித்து, இறக்கையை இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டுப் போயிற்று. காலை லேசாகத்தான் வைத்திருந்தாள். என்ன அழகாகப் பறக்கிறது! பதினொரு வருடத்தில், தான் கட்டியது பறப்பதை அவன் தரையிலிருந்து பார்த்தது அன்றுதான். தனக்குப் பொறாமையா பெருமையா என்று கேட்டுப் பார்த்தான். வெயில் மண்டைக்குள் எதையும் நிதானிக்க விடவில்லை.

காராபினில் அவன் இறங்கியபோது சட்டை தனி நிறம், டெஸ்மண்ட் தனி நிறம். விமானத்தைச் சுற்றி ஒரு கூட்டமே நின்று பீர் பிரிட்ஜ் ரப்பரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது. நிழலில், நாற்காலியில், நோலீன்.

"எவ்வளவு?" என்று கத்தினான் தூரத்திலிருந்தே.

"தொண்ணூத்திரெண்டு. ஏறும்போதுகூட."

"வெந்நீர்கூட வெக்க முடியாது!" டெஸ்மண்ட் கைகளை வானத்துக்கு வீசினான். "கேட்டியா கிளாரி? தொண்ணூத்திரெண்டு! இந்த வருஷம் என் கைல கெட்டில் கிடையாது! எவன்டா வெந்தவன்? வாடா வெளிய!"

யாரும் வரவில்லை. அந்த ஆண்டு ஒரு எஞ்சின்கூடக் கொதிக்கவில்லை. கிளாரி மெதுவாக வெள்ளைக் காரிடம் போனான். சமையல் தெர்மாமீட்டரை உள்ளே நீட்டினான். ஐம்பத்தொன்று. பிறகு டெஸ்மண்டைச் சுற்றி வந்து, தலை முதல் கால் வரை பார்த்தான். கெட்டிலைத் தூக்கி, மூக்குக்கண்ணாடியை மாட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி படித்தான்.

"'வழியில் வெந்தவன் ஊற்றுவான்.' எஞ்சின்னு எங்கயாவது போட்டிருக்கா பாருங்கப்பா?"

இருபது பேரும் குனிந்து பார்த்தார்கள். எங்கும் போட்டிருக்கவில்லை.

பெயர் வெட்டுகிறவன் உளியை எடுத்தான். யாரோ டெஸ்மண்டுக்கு ஏப்ரன் கட்டினார்கள். அவன் மனைவியைப் பார்த்தான். நிழலிலிருந்து அவள் கோப்பையை நீட்டினாள்.

"எனக்கு ஒரு சர்க்கர போதும், டெஸ். வீட்டுல நீ ஊத்தினதே இல்லல்ல, உனக்குத் தெரியாது."